சேணக்காரரின் இரண்டாவது வாக்கு

அத்தியாயம் ஐந்து

1801 பிப்ரவரியின் அந்த வெள்ளிக்கிழமை காலையில் லங்காஸ்டர் ஊரில் கோபப்படாமல் இருந்தது சிறைக்காவலரின் பூனை மட்டும்தான்.

மற்ற எல்லோருக்கும் காரணம் இருந்தது. ஜனாதிபதித் தேர்தல் முடிந்து இரண்டரை மாதமாகியும் ஜனாதிபதி யாரென்று தெரியவில்லை. பதவியிலிருந்த ஆடம்ஸ் தோற்றது மட்டும் நிச்சயம். எதிர்த்து நின்ற ஜெஃபர்சனுக்கு எழுபத்து மூன்று வாக்கு. அவர் கட்சியிலேயே துணை ஜனாதிபதியாக வரவேண்டிய ஏரன் பர்ருக்கும் எழுபத்து மூன்று. வாக்குப் போட மாநிலங்கள் நியமிக்கும் தேர்வாளர் ஒவ்வொருவரும் இரண்டு பெயர் எழுத வேண்டும், அதிகம் வாங்கியவர் ஜனாதிபதி, அடுத்தவர் துணை என்பதுதான் சட்டம். எவராவது ஒருவர் பர்ருக்கான வாக்கை வேறு யார் தலையிலாவது கட்டியிருந்தால் போதும், தகராறே வந்திருக்காது. கட்டவில்லை. சமமானதால் முடிவு பிரதிநிதிகள் சபைக்குப் போய், வாஷிங்டனில் அதன் உறுப்பினர்கள் சுற்றுச் சுற்றாக வாக்குப் போட்டு ஓய்ந்துபோயிருந்தார்கள். கடைசியாக வந்த செய்தியில் சுற்று முப்பதைத் தாண்டியிருந்தது.

அந்த வாக்கை வீணாக்கும் பொறுப்பு லங்காஸ்டரில் ஒருவருக்குத் தரப்பட்டிருந்தது என்பது ஊருக்குத் தெரிந்துபோன நாளிலிருந்து கோபம் இரட்டிப்பாகியிருந்தது. அந்த ஒருவர் சேணம் தைக்கும் காஸ்பர் ரோர்பாக். அவர் கடை ஜன்னலில் இரண்டு கண்ணாடி உடைந்த மறுநாள், அவர் ஒரு கடிதத்தை எடுத்துக் காட்டினார். தென் கரோலினாவில் இன்னொருவர் வாக்கை வீணாக்கப் போகிறார், நீங்கள் வீணாக்க வேண்டாம் என்று எவனோ எழுதியிருந்தான். பொய்க் கடிதம். நம்பி ஏமாந்தேன் என்றார் ரோர்பாக். கொண்டுவந்து கொடுத்தது யார் என்று கேட்டதற்கு, வாக்குப் போட்ட அன்று காலையில் தபால் குதிரைக்காரன் ஏனோக் டில்மன் என்றார். ஊருக்கு அது போதுமாக இருந்தது. ஏனோக் கறுப்பர். ஐந்து வாரமாகச் சிறையில் இருக்கிறார்.

"திங்கக்கிழமை விசாரணை," என்றார் காவலர், பூட்டைத் திறந்தபடி. "அவன் ஒண்ணையும் ஒத்துக்க மாட்டேங்கறான். சவுக்கு விழுந்தா முதுகு ஒத்துக்கும்."

வெண்டல் ஃபிங்குக்கு அந்த ஆளின் தலையில் எதையாவது கவிழ்க்கலாம் போலிருந்தது. வெண்டல் ஒரு காலத்தில் டோப்பா தைத்தவன். ஜெஃபர்சன் கட்சிக்காரர்கள் சொந்த முடியோடு அலைய ஆரம்பித்த பிறகு பிழைப்பு போய், நாற்பது வயதில் துப்பறியும் ரூபஸ் கால்டரிடம் உதவியாளாகச் சேர்ந்தான். அந்தக் கட்சி ஜெயித்தால் நாட்டுக்கு நல்லது, தோற்றால் தனக்கு நல்லது என்று சொல்லிக்கொள்வான். இரண்டும் நடக்காமல் இழுத்துக்கொண்டே போனதில் அவனுக்கும் எரிச்சல்தான்.

கால்டர் சுதந்திரப் போர்க்காலத்தில் ஒற்றராக இருந்தவர். இடது கால் கொஞ்சம் இழுக்கும். அறைக்குள் போனதும் தொப்பியைக் கழற்றினார்.

"உட்காரலாமா, மிஸ்டர் டில்மன்?"

காவலர் பூனையைப் பார்த்தார். அந்த அறையில் 'மிஸ்டர்' என்ற சொல்லை அவர் கேட்டதே இல்லை.

ஏனோக் நெடிய மனிதர், ஐம்பதை நெருங்கியவர். யார்க் ஊருக்கும் லங்காஸ்டருக்கும் நடுவே ஒன்பது வருடமாகத் தபால் பை சுமந்தவர். அவர் நிதானமாகத்தான் பேசினார். அந்த நிதானத்துக்கு அடியில் இருந்தது என்ன என்று வெண்டலுக்குப் புரிந்தது.

"அஞ்சு வாரமா எல்லாரும் ஒரே கேள்வி கேக்கறாங்க. ஆடம்ஸ் கட்சிக்காரன் எவன் சொல்லிக் குடுத்தேன்னு. குடுத்தியா இல்லையான்னு ஒருத்தரும் கேக்கலை."

"குடுத்தீங்களா?"

"இல்லை."

கால்டர் அடுத்ததாகக் கேட்டதெல்லாம் தேதியும் நேரமும்தான். வாக்குப் போட்டது டிசம்பர் மூன்று, புதன்கிழமை. அதற்கு முந்தைய இரவு ஏனோக் யார்க்கில், வழக்கமாகத் தூங்கும் லாயத்தில் இருந்தார். சத்திரத்துப் பேரேட்டில் அவர் பெயர் இருக்கிறது. விடியுமுன் கிளம்பி, ஆற்றில் ஓடத்துக்குக் காத்திருந்து, பத்து மணிக்கு லங்காஸ்டருக்குள் வந்தார். ரோர்பாக் கடை வாசலில் நின்றது உண்மை. நாலு பேர் பார்த்ததும் உண்மை.

"சேணத்துல ஒரு வார் அறுந்திருந்தது. அந்தச் சேணமே அவர் செஞ்சதுதான். தைச்சுக் குடுத்தாரு. நான் அவருக்குக் குடுத்தது ஒரு காலை வணக்கம் மட்டும்தான்."

வெளியே வந்ததும் வெண்டல் பனியைக் காலால் உதைத்தான். "கேப்டன், நமக்கு இந்த வேலையைக் குடுத்த வக்கீல் ப்ரைஸ் என்ன கேட்டாரு? இவருக்குப் பின்னாடி இருக்கற ஆடம்ஸ் ஆளைக் கண்டுபிடிக்கச் சொன்னாரு. பின்னாடி ஆளே இல்லைன்னா, யாரைப் பிடிச்சுக் குடுக்கறது? பூனையையா?"

கால்டர் கடிதத்தை அவனிடம் நீட்டினார். கட்சிக் கமிட்டியின் தலைவர் ஹார்லன் ப்ரைஸ் அதைக் கொடுக்கும்போது, ஊரிலுள்ள படித்தவர்கள் அத்தனை பேரும் கையெழுத்தை ஆராய்ந்துவிட்டதாகச் சொல்லியிருந்தார். தேதி நவம்பர் பத்து. ஊர், தென் கரோலினா. தபால் குறி கிடையாது. கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் 'ஒரு நண்பன்.' வெளிப்புறத்தில் விலாசம்: திரு. காஸ்பர் ரோர்பாக், தேர்வாளர், லங்காஸ்டர்.

"இதுல எது பொய்னு சொல்லு."

வெண்டல் கையெழுத்து என்றான். கால்டர் தலையாட்டவில்லை. மை என்றான். அதற்கும் இல்லை. காகிதத்தைத் திருப்பி அரக்கு முத்திரையைப் பார்த்தபோதுதான் அவனுடைய பழைய தொழில் விழித்துக்கொண்டது. கனவான்கள் மோதிரத்தால் அரக்கை அழுத்துவார்கள். இதில் புள்ளி புள்ளியாகப் பள்ளங்கள். தைக்கும்போது விரல் நுனியில் மாட்டிக்கொள்ளும் பித்தளைத் தொப்பியால் அழுத்தியது. அவனிடமும் ஒன்று இருந்தது, ஆனால் டோப்பா தைக்கும் தொப்பியில் பள்ளங்கள் பொடியாக இருக்கும். இதில் பெரிது பெரிதாக, நடுவில் ஒரு வெட்டுக் கோடும் இருந்தது. தடித்த ஊசி வழுக்கிய தழும்பு.

"தோல் தைக்கிற ஆளு," என்றான் வெண்டல் மெதுவாக.

"உன் பூட்ஸ் வார் எப்படி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு."

கால்டர் குனிந்தார். கத்தி ஒருமுறை மின்னியது. "இப்ப?"

"போன மாசம்தான் வாங்கினேன், கேப்டன்."

"தைக்க வேண்டியதுதான். வா."

ரோர்பாக் கடையின் உடைந்த ஜன்னலில் தோல் துண்டு ஆணி அடித்திருந்தது. ஆனால் அதற்கு மேலிருந்த பலகை பளபளவென்று இருந்தது. சேணம், கடிவாளம், பயணப்பை என்ற பழைய எழுத்துக்கு அடியில், தங்க நிறத்தில் புதிதாக ஒரு சொல் சேர்த்திருந்தார்கள்: தேர்வாளர். கல்லெறிந்தவர்கள் எப்படியோ அதை மட்டும் தவறவிட்டிருந்தார்கள்.

ரோர்பாக் அகன்ற தோள்கொண்டவர், கண்ணுக்குக் கீழே தூக்கமில்லாத கருமை. கால்டரை ஆவலாக வரவேற்றார். பின்னணியில் இருக்கும் ஆடம்ஸ் கட்சி அயோக்கியன் அகப்பட்டானா என்று கேட்டார். கூடிய சீக்கிரம் என்றார் கால்டர். மனைவி சலோமி காப்பியும், ஆப்பிள் களி தடவிய ரொட்டியும் கொண்டுவந்து வைத்தாள். யார் முகத்தையும் பார்க்காமல் வாசற்படியிலேயே நின்றாள்.

வெண்டல் நொண்டிக்கொண்டு போய் பூட்ஸைக் கழற்றிக் கொடுத்தான். இந்த வார் தன்னைப் போலவே, தேர்தல் முடிவைத் தாங்க முடியாமல் அறுந்துவிட்டது என்றான். ரோர்பாக் சிரிக்கவில்லை. மேஜை இழுப்பறையிலிருந்து பித்தளைத் தொப்பியை எடுத்து விரலில் மாட்டி, நாலே தையலில் வாரைச் சேர்த்தார். நல்ல கை. அதை ஒப்புக்கொள்ள வெண்டலுக்கு வருத்தமாக இருந்தது. தொப்பியைக் கழற்றி மேஜையில் வைத்ததும் வெண்டல் அதை விளையாட்டாக எடுத்து, எரிந்துகொண்டிருந்த மெழுகுவர்த்தியின் இளகிய ஓரத்தில் அழுத்தினான்.

கால்டர் ரொட்டியை மென்றுகொண்டே கேட்டார். "நவம்பர் பத்தாம் தேதி நீங்க என்னவா இருந்தீங்க, மிஸ்டர் ரோர்பாக்?"

"இதே சேணக்காரன்தான். ஏன்?"

"தேர்வாளர் ஆனது எப்போ?"

ரோர்பாக் மேஜையிலிருந்த தோல் துண்டை எடுத்து மடித்தார். அந்தக் கேள்விக்குப் பதில் ஊரில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். மாநில சபைகள் இரண்டும் வாரக்கணக்கில் சண்டை போட்டு, இந்த மாநிலம் வாக்குப் போடுமா போடாதா என்பதே நிச்சயமில்லாமல் கிடந்து, டிசம்பர் இரண்டாம் தேதிதான் தேர்வாளர்களைப் பொறுக்கினார்கள். மறுநாளே வாக்கு. அதன் பிறகு இரண்டு மாதமாக எல்லோரும் அவரைத் தேர்வாளர் என்றே கூப்பிட்டுப் பழகியதில், கடிதத்தைப் பார்த்த நூறு கண்ணில் ஒன்றுகூட அந்தச் சொல்லில் இடறவில்லை. எழுதிய கையும் இடறவில்லை. அந்தப் பட்டம் அதற்கு அவ்வளவு பிடித்துப் போயிருந்தது.

"தென் கரோலினாவுல ஒருத்தனுக்கு, உங்களுக்கே தெரியாதது மூணு வாரம் முன்னாடி தெரிஞ்சிருக்கு," என்றார் கால்டர்.

ரோர்பாக் சுதாரித்துக்கொண்டார். அப்படியானால் எதிரிகள் இந்த ஊரிலேயே உட்கார்ந்து, இரண்டாம் தேதி ராத்திரி எழுதித் தேதியை மாற்றிப் போட்டிருக்கிறார்கள் என்றார்.

"இருக்கலாம். அந்த ராத்திரி ஏனோக் டில்மன் ஆத்துக்கு அந்தப் பக்கம், யார்க்ல படுத்திருந்தார். இந்த ஊர்ல பிறந்த கடுதாசியை அந்த ஊர்லேர்ந்து அவர் எப்படிக் கொண்டுவந்தார்?"

வெண்டல் மெழுகுவர்த்தியைக் கடிதத்தின் பக்கத்தில் நகர்த்தி வைத்தான். மெழுகிலும் அரக்கிலும் ஒரே பள்ளங்கள், நடுவில் ஒரே வெட்டுக் கோடு.

பிறகு ரோர்பாக் பேசினார். அவமானத்தை எதிர்பார்த்திருந்த வெண்டலுக்கு அங்கே கேட்டது ஆத்திரம்.

"நாங்க எட்டுப் பேர். ஏழு பேர் ரெண்டு பேரை எழுதலாம், நான் மட்டும் ஒண்ணை வீணாக்கணும். ஏன் நான்? அந்த ஏழு பேரும் நிலம் வச்சிருக்கறவன், டாக்டர், கனவான். நான் குதிரைக்கு வார் தைக்கறவன். ப்ரைஸ் என் தோள்ல கை போட்டுச் சொன்னான், 'காஸ்பர், நீ விட்டுக்குடுத்துடு, உனக்கென்ன போச்சு'ன்னு. வாழ்க்கையில ஒரே ஒரு தடவை நாட்டுக்காகப் பேனாவைக் கையில குடுத்தாங்க. அதுலயும் பாதியைப் பிடுங்கிக்கிட்டாங்க. நான் தர மாட்டேன்னு முடிவு பண்ணினேன். ரெண்டு பேரையும் எழுதினேன். ஒரு வாக்குல இப்படி ஆகும்னு எனக்கென்ன தெரியும்?"

வெண்டலுக்கு ஒரு நிமிடம் அந்த மனிதர் பக்கம் மனம் சாய்ந்தது. அவனையும் அப்படித் தோளில் கை போட்டு ஒதுக்கிய கனவான்கள் உண்டு. அடுத்த நிமிடமே ஐந்து வாரத்துச் சிறை நினைவுக்கு வந்தது.

"உங்களை மட்டம் தட்டினது வக்கீல். நீங்க கை நீட்டிக் காட்டினது யாரை? அறுந்த வாரோட வாசல்ல வந்து நின்ன ஆளை," என்றான்.

"யாருன்னு எல்லாரும் நெருக்கினாங்க. அன்னைக்குக் காலையில வந்தவன் அவன் ஒருத்தன்தான்." ரோர்பாக்கின் குரல் இறங்கியது. "ரெண்டு நாள்ல விட்டுடுவாங்கன்னு நினைச்சேன்."

"நடந்ததை எழுதிக் குடு, காஸ்பர்," என்றாள் வாசற்படியிலிருந்து சலோமி. "நீ அரக்கு உருக்கினப்பவே நான் பார்த்தேன். வாயை மூடிக்கிட்டு இருந்தேன். அஞ்சு வாரமா இந்த வீட்டுல எனக்குச் சோறு இறங்கலை."

கால்டர் காகிதத்தைத் தள்ளினார். திங்கட்கிழமை இந்தப் பித்தளைத் தொப்பியை நீதிமன்ற மேஜையில் வைத்தால் பைபிளைத் தொட்டுப் பதில் சொல்ல வேண்டியிருக்கும், அதைவிட இன்று எழுதுவது எளிது என்றார். ரோர்பாக் பேனாவை எடுத்தார்.

"தேர்வாளருங்க வாக்கு விவரத்தை எத்தனை பிரதி எழுதுவீங்க?"

"மூணு. சட்டம் அப்படி. ஒண்ணு ஆள் மூலமா, ஒண்ணு தபால்ல, ஒண்ணு மாவட்ட நீதிபதிகிட்ட."

"பழகின கைதானே. அதே மாதிரி மூணு எழுதுங்க. கூட ஒண்ணு."

"நாலாவது யாருக்கு?"

"தேவைப்படும்," என்றார் கால்டர்.

மூன்று பிரதிகளோடு வெண்டல் புதிதாகத் தைத்த பூட்ஸில் ஓடினான். நீதிபதி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இரண்டு தடவை படித்தார். பிறகு ஒரு வார்த்தையும் பேசாமல் விடுதலை உத்தரவை எழுதி, வேலையாளைச் சிறைக்கு அனுப்பினார். இரண்டாவது பிரதி ஆடம்ஸ் கட்சிப் பத்திரிகை அச்சடிக்கிற ஆளுக்குப் போனது. அவன் படித்துவிட்டுத் துள்ளிக் குதித்தான். எதிர்க்கட்சியின் மானம் போகிற மகிழ்ச்சி. சிறையில் கிடந்தவர் பெயரை எப்படி எழுதுவது என்றுகூடக் கேட்கவில்லை. வெண்டலே ஒரு காகிதத்தை எடுத்து 'மிஸ்டர் ஏனோக் டில்மன்' என்று எழுதி, இதில் ஒரு எழுத்துக் குறைந்தாலும் திரும்பி வருவேன் என்று சொல்லி, அவன் முகத்துக்கு முன்னால் வைத்தான். மூன்றாவது பிரதி யார்க் ஊர் நீதிபதிக்கு. தபால் நிலையத்தில் அதைச் சேர்த்துவிட்டு வெளியே வந்தபோது, நீதிமன்றக் கோபுரத்தில் மணி அடிக்க ஆரம்பித்தது.

ஜனங்கள் வீதிக்கு ஓடிவந்தார்கள். செவ்வாய்க்கிழமை, முப்பத்தாறாவது சுற்றில், முடிந்துவிட்டதாம். ஜெஃபர்சன் ஜனாதிபதி. காலையில் கல்லைத் தேடியவர்கள் இப்போது சைடர் மதுப் பீப்பாயைத் தேடினார்கள். முன்பின் தெரியாத ஒருவர் வெண்டலைக் கட்டிப்பிடித்தார். டோப்பா தொழிலுக்கு இனிக் கதவு நிரந்தரமாகச் சாத்தப்பட்டது என்று நினைத்துக்கொண்டு அவனும் கட்டிப்பிடித்தான்.

அவன் திரும்பி வந்தபோது ரோர்பாக் கடைக்குள் வக்கீல் ஹார்லன் ப்ரைஸ் நின்றுகொண்டிருந்தார். நல்ல சேதி சொல்ல வந்தவர் கையில் கால்டர் நாலாவது பிரதியைக் கொடுத்திருந்தார். அவர் முகத்தில் சந்தோஷம் இன்னும் முழுதாக வடியவில்லை, அதற்குள் எரிச்சல் ஏறிக்கொண்டிருந்தது.

"ஜெயிச்சாச்சு, மிஸ்டர் கால்டர். இன்னைக்குப் போய் இதையா தூக்கிக்கிட்டு வருவீங்க? நம்ம தேர்வாளரே பொய் சொன்னார்னு ஊருக்குத் தெரியணுமா? மார்ச் நாலாம் தேதி பதவியேற்பு முடியட்டும். அப்புறம் அந்த ஆளுக்கு ஏதாவது பார்த்துச் செய்யலாம்."

"திங்கக்கிழமை அவருக்கு விசாரணை. அதுக்கப்புறம் சவுக்கு."

"ஒரு முதுகு. அந்தப் பக்கம் ஒரு நாடே இருக்கு." ப்ரைஸ் கணப்பின் கதவைத் திறந்து காகிதத்தை உள்ளே போட்டார். அது சுருண்டு கருகும் வரை பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினார். ரோர்பாக்கின் தோளில் கை வைத்து, கவலைப்படாதே என்றார். ரோர்பாக் அந்தக் கையை எடுத்துக் கீழே விட்டார்.

கால்டர் வெண்டலைப் பார்த்தார். "நீதிபதி என்ன சொன்னார்?"

"பேசலை, கேப்டன். எழுதினாரு. சிறைக்கதவு இந்நேரம் திறந்திருக்கும். பத்திரிகைக்காரன் எழுத்துக் கோத்துக்கிட்டு இருக்கான். இன்னொண்ணு தபால் பையில."

ப்ரைஸ் கணப்பைப் பார்த்தார், பிறகு கால்டரைப் பார்த்தார்.

"சட்டம் மூணு பிரதிதான் கேக்குது, வக்கீல் ஐயா," என்றார் கால்டர். "நாலாவது நீங்க எரிக்கறதுக்கு."

ப்ரைஸ் சொன்ன சொற்கள் சலோமி முன்னால் சொல்லக்கூடியவை அல்ல. அவர் கதவை அறைந்துகொண்டு போனதில் மிச்சமிருந்த ஜன்னல் கண்ணாடியும் விழுந்தது.

அந்த ஓட்டை வழியாகத்தான் ஏனோக் வருவதைப் பார்த்தார்கள். குதிரையைக் கையில் பிடித்தபடி, கூட்டத்தின் நடுவே நடந்து வந்தார். ஐந்து வாரம் அவர் பெயரைச் சொல்லித் துப்பியவர்கள் தொப்பியை வீசிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் சைடர் கோப்பையை நீட்டி, வெற்றிச் செய்தியை யார்க்குக்குச் சீக்கிரம் கொண்டுபோகச் சொன்னான். ஏனோக் கோப்பையை வாங்கவில்லை. தபால் நிலைய வாசலில் பையை நீட்டினார்கள். ஓட்டிப்போக வேறு ஆள் கிடைக்கவில்லை. அதை மட்டும் வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டார்.

கடை வாசலில் நின்றார். ரோர்பாக் வெளியே வந்தார். மன்னித்துவிடு என்றார். புதுச் சேணம் ஒன்று செய்து தருகிறேன், ஊரிலேயே நல்லதாக, காசு வேண்டாம் என்றார்.

ஏனோக் குனிந்து குதிரையின் வயிற்று வாரை அவிழ்த்தார். அவசரப்படவில்லை. டிசம்பரில் தைத்த தையல் அப்படியே இருந்தது.

"உங்களுக்கு ரெண்டு பேரை எழுத உரிமை இருந்தது. ரெண்டு பேரை எழுதினீங்க. அதுல உங்கமேல எனக்குக் கோபமே இல்லை. ஊர்ல எல்லாரும் அதுக்குத்தான் கோபப்பட்டாங்க." சேணத்தைத் தூக்கி, தங்க எழுத்துப் பலகைக்கு நேர் கீழே, ரோர்பாக்கின் காலடியில் பனியில் வைத்தார். "மூணாவதா என் பேரைச் சொன்னீங்க பாருங்க. அதுக்கு ஒருத்தரும் உங்க ஜன்னல்ல கல்லு எறியலை."

வெண்டல் ஓடிப்போய் இரண்டு கையையும் கோத்துப் பிடித்தான். ஏனோக் அதில் கால் வைத்து, வெறும் குதிரை முதுகில் ஏறி உட்கார்ந்தார். பையில் மூன்றாவது பிரதி இருப்பதை வெண்டல் அவரிடம் சொன்னான். ஏனோக் பையை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு யார்க் சாலையில் குதிரையைத் திருப்பினார். ஆற்றுப் பக்கம் அவர் மறையும் வரை ரோர்பாக் பனியில் நின்றுகொண்டிருந்தார். கோபுரத்தில் மணி அடித்துக்கொண்டே இருந்தது.